சிவப்பு பட்டனை அமுக்கினால் போதுமா? அட்டை அமுக்கும் ‘பேலிங் மெஷின்’ பக்கத்தில் வேலை செய்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆன்லைனில் ஒரு ஷூ ஆர்டர் போடுகிறீர்கள். ரெண்டு நாளில் வாசலுக்கு வந்துவிடுகிறது. ஷூவை எடுத்துக்கொண்டு பெட்டியை மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிடுகிறீர்கள். மாசக் கடைசியில் பழைய பேப்பர்காரர் வந்து, காலால் மிதித்து மடக்கி, கயிறு கட்டி எடுத்துப் போகிறார்.

அதற்குப் பிறகு அந்தப் பெட்டி எங்கே போகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. ஏதோ ஒரு குடோனில், ஆள் உயர இரும்புக் கூண்டுக்குள் அதைப் போடுகிறார்கள். மேலேயிருந்து ஒரு இரும்புத் தகடு மெதுவாக இறங்கி, நூற்றுக்கணக்கான பெட்டிகளை ஒரே கட்டாக அமுக்குகிறது. இதுதான் பேலிங் மெஷின். அமுக்கிக் கட்டிய மூட்டைக்குப் பெயர் ‘பேல்’.

பார்க்க ரொம்ப சாதுவான மெஷின். ரம்பம் மாதிரி பல் கிடையாது, லேத் மாதிரி சுழலாது, பெரிய சத்தமும் இல்லை. இந்த சாதுத்தனம்தான் ஆட்களை ஏமாற்றுகிறது.

பெரம்பலூர், அரியலூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பத்து வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால், ‘பருத்தி பேல் தெரியும், அட்டை பேல் என்ன?’ என்றுதான் பெரம்பலூரில் பதில் வந்திருக்கும். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும்தான் மாவட்டத்தின் அடையாளம். இப்போது படம் மாறிவிட்டது. நாரணமங்கலத்தில் டயர் தொழிற்சாலை இருக்கிறது. எறையூர் சிப்காட்டில் காலணிப் பூங்கா வந்து, 2023 நவம்பரில் அங்கே முதல் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஒரு ஜோடி காலணி ஆலையை விட்டு வெளியே போக ஒரு பெட்டி வேண்டும். பன்னிரண்டு பெட்டிகளைப் போட ஒரு பெரிய பெட்டி வேண்டும். மூலப்பொருள் உள்ளே வருவதும் பெட்டியில்தான். சென்னை - திருச்சி நெடுஞ்சாலை ஓரத்துக் கடைகள், சூப்பர் மார்க்கெட்டுகள், கூரியர் குடோன்கள் என்று பார்த்தால், காலி அட்டை குவியாத இடமே இல்லை.

அரியலூரின் கதை கொஞ்சம் வேறு. அங்கே பேல் புறப்படுவதைவிட வந்து சேர்வதுதான் அதிகம். சுண்ணாம்புக்கல் பூமியான அரியலூரில் வரிசையாக சிமென்ட் ஆலைகள். மறுசுழற்சிக்கு உதவாத பிளாஸ்டிக், துணி, ரெக்சின் போன்ற எரியக்கூடிய கழிவுகளை நிலக்கரிக்குத் துணையாக சிமென்ட் சூளையில் எரிக்கிறார்கள். சென்னை, திருச்சி குப்பைக் கிடங்குகளில் பிரித்தெடுத்த கழிவுகூட லாரி ஏறி அரியலூருக்கு வருகிறது. சும்மா அள்ளிப் போட்டால் லாரி ஏற்றிப் போவது பாதி காற்றைத்தான். அதனால் அமுக்கிக் கட்டியாக வேண்டும்.

கிராமங்களுக்கும் இந்த மெஷின் வந்துவிட்டது. தூய்மை பாரதம் ஊரகத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ஒன்றியத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை மையம் அமைக்க 16 லட்சம் ரூபாய் வரை நிதி உண்டு. அந்த மையத்தில் இருக்க வேண்டிய அடிப்படை மெஷின்களில் பேலரும் ஒன்று. ஆக, நேற்று வரை கையால் குப்பை பிரித்தவர்கள் இன்று ஹைட்ராலிக் மெஷின் பக்கத்தில் நிற்கிறார்கள். மெஷினை இறக்கி, மாட்டி, ‘இது மேலே, இது கீழே’ என்று ரெண்டு பட்டனைக் காட்டிவிட்டுப் போவதைப் பயிற்சி என்று சொல்ல முடியாது.

எவ்வளவு அமுக்கும்?

கணக்கு சுலபம்தான். நடுத்தரமான ஒரு பேலரில் சிலிண்டர் விட்டம் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு சுமார் 78 சதுர சென்டிமீட்டர். எண்ணெய் அழுத்தம் 150 பார் என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் 150 கிலோ எடை. பெருக்கினால் 12 டன்னுக்குப் பக்கம் வரும். நாற்பது, ஐம்பது பேர் ஏறிய அரசு பஸ்ஸை அப்படியே தூக்கி வைத்த மாதிரி. கடை ஓரத்தில் நிற்கும் சின்ன பேலர்கூட 5 டன் அமுக்கும். மனுஷ எலும்பைப் பொறுத்தவரை ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் தகடு இறங்கும் வேகமோ, நொடிக்குச் சில சென்டிமீட்டர்தான். ‘இவ்வளவு மெதுவா வருது, கையை இழுத்துக்க மாட்டோமா?’ என்று தோன்றும். பிரச்னை, அட்டை நழுவும்போது தொடங்குகிறது. மடங்கிய பெட்டி தகடுக்கு அடியில் வளைந்து, விரலைத் தகடுக்கும் சுவருக்கும் நடுவே தள்ளும். கிளவுஸ் நுனி மாட்டும். துப்பட்டாவோ சட்டைக் கையோ மாட்டும். ஒரு விரல் உள்ளே போய்விட்டால், தகடு மெதுவாக வருவது நல்லது இல்லை. அது நிற்கவே போவதில்லை.

ஆபத்து எப்போது வருகிறது என்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். கதவு மூடி, தகடு இறங்கி, பேல் தயாராகும் சாதாரண நேரத்தில் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. மெஷின் நின்ற பிறகுதான் ஆகிறது. அடைப்பு எடுக்கும்போது, வயர் கோக்கும்போது, துடைக்கும்போது.

அந்தப் பத்து நிமிஷம்

இப்படி வைத்துக்கொள்வோம். இரவு ஷிஃப்ட் முடியப் பத்து நிமிஷம் இருக்கிறது. லாரி வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறது. கடைசி பேல். ஓரத்தில் ஒரு பெட்டி செங்குத்தாக மாட்டிக்கொண்டு தகடு இறங்க மாட்டேன் என்கிறது.

‘அண்ணே, ஒரு நிமிஷம் நிறுத்துங்க. ஓரத்துல மாட்டிக்கிச்சு.’

‘சரி தம்பி, பார்த்து.’

அண்ணன் சிவப்பு பட்டனை அமுக்குகிறார். தம்பி கதவுக்கு மேல் எக்கி, தோள் வரை கையை உள்ளே விடுகிறார். அந்த நேரம் அண்ணனுக்கு போன் வருகிறது. லாரிக்காரர்தான். நாலு அடி தள்ளிப்போய்ப் பேசுகிறார். அந்தப் பக்கமாக வந்த மூன்றாவது ஆள், மெஷின் நிற்பதைப் பார்க்கிறார். ‘லாரி நிக்குது, இதை ஏன் சும்மா போட்டு வெச்சிருக்காங்க?’ சிவப்பு பட்டனைத் திருகி விடுவிக்கிறார். பச்சையை அமுக்குகிறார்.

இங்கே யாரும் கெட்டவர் இல்லை. யாரும் சோம்பேறியும் இல்லை. மூன்று பேரும் வேலையை முடிக்கத்தான் பார்த்தார்கள். ஆனால் உள்ளே இருக்கும் கைக்கும் 12 டன்னுக்கும் நடுவில் இருந்தது, யார் வேண்டுமானாலும் திருகி விடக்கூடிய ஒரு பட்டன் மட்டும்தான்.

எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் மெஷினை நிறுத்தும். மெஷினுக்கு வரும் கரண்டைத் துண்டிக்காது. இந்த ரெண்டும் ஒன்று என்று நினைப்பதுதான் இந்தத் தொழிலில் நடக்கும் மிகப் பெரிய தவறு.

சாவி யார் பாக்கெட்டில்?

இதற்கு உலகம் முழுக்க ஒரே தீர்வுதான் இருக்கிறது. ஆலைகளில் அதை ‘லாக்-அவுட் டேக்-அவுட்’ என்பார்கள். சேஃப்டி ஆபீசர் இருக்கும் பெரிய கம்பெனியில் இந்த வார்த்தை எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவில் இதற்கென்றே 1989-ல் தனி விதி வந்தது. பெயர்தான் பெரிசு, விஷயம் நம் வீட்டுப் பூட்டு மாதிரி.

முதலில் மெஷினின் மெயின் சுவிட்சை இறக்க வேண்டும். ஆபரேட்டர் பேனலில் இருக்கும் பட்டனைச் சொல்லவில்லை, சுவரில் இருக்கும் ஐசொலேட்டரை. அந்தக் கைப்பிடியில் பூட்டு மாட்ட ஓட்டை இருக்கும். யார் கையை உள்ளே விடப் போகிறாரோ அவரே தன் பூட்டை அங்கே மாட்டி, சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். சூப்பர்வைசர் பாக்கெட்டில் இருந்தால் ஆகாது. ‘ஆபீஸ் டிராயரில் பத்திரமா இருக்கு’ என்பதும் ஆகாது. பேரும் போன் நம்பரும் எழுதிய அட்டை ஒன்றையும் பூட்டில் தொங்கவிடுவார்கள். ரெண்டு பேர் உள்ளே கை விடப் போகிறார்கள் என்றால் ரெண்டு பூட்டு.

அடுத்து, பலரும் தாண்டிப் போகும் ஒரு படி. பூட்டிய பிறகு பச்சை பட்டனை ஒருமுறை அமுக்கிப் பார்க்க வேண்டும். மெஷின் அசையக் கூடாது. அசைந்தால், நீங்கள் பூட்டியது வேறு மெஷினின் சுவிட்சை. பழைய குடோன்களில் போர்டில் ஒட்டிய பெயர் ஒன்றாகவும் ஒயர் போவது வேறிடமாகவும் இருப்பது புதிதல்ல.

கரண்ட் போனாலும் மெஷின் ‘செத்துவிட்டது’ என்று ஆகாது. ஹைட்ராலிக் ஹோஸில் எண்ணெய் அழுத்தம் மிச்சம் இருக்கும். மேலே தூக்கி நிற்கும் தகடுக்கு சொந்த எடை இருக்கிறது. வால்வு கசிந்தால் மெதுவாக இறங்கும், ஹோஸ் வெடித்தால் சட்டென்று இறங்கும். அதனால் தகடுக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுத்த பிறகே கை உள்ளே போக வேண்டும். ஜாக்கி வைத்துத் தூக்கிய லாரிக்கு அடியில் படுக்கும் மெக்கானிக், கூடவே ஒரு கட்டையையும் வைப்பாரே, அதே கதைதான்.

பூட்டின் விலை சில நூறு ரூபாய். மெஷின் விலையோ லட்சங்களில். பூட்டு வாங்கிக் கொடுக்காத இடத்தில் காரணம் பணமாக இருக்க வாய்ப்பில்லை, அது யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான்.

கரண்ட் கட் ஆனால்?

நம் ஊருக்கே உரிய பிரச்னை ஒன்று உண்டு. மின்வாரியப் பராமரிப்பு நாளில் கரண்ட் போகிறது. தகடு பாதியில் நிற்கிறது. ‘கரண்ட்தான் இல்லையே’ என்று அடைப்பை எடுக்கக் கையை விடுகிறார்கள். கரண்ட் திரும்பி வந்தால் என்ன ஆகும்?

ஸ்டார்ட்டர் ஒழுங்காக இருந்தால் ஒன்றும் ஆகாது. கரண்ட் போனதும் அது தானாக விடுபட்டுவிடும், மறுபடி யாராவது பட்டனை அமுக்கினால்தான் மோட்டார் ஓடும். ஆனால் பெரம்பலூர், அரியலூர் பக்கம் போர்வெல் மோட்டார் வைத்திருக்கும் எல்லோருக்கும் ‘ஆட்டோ சுவிட்ச்’ தெரியும். ராத்திரி எத்தனை மணிக்கு த்ரீ பேஸ் வந்தாலும் மோட்டாரைத் தானாகப் போட்டுவிடும் கருவி அது. விவசாயிக்கு அது வரம். அதே எலக்ட்ரீஷியன், அதே பழக்கத்தில், அதே மாதிரி இணைப்பை பேலருக்குக் கொடுத்துவிட்டால் அது எமன். உங்கள் இடத்தில் பேலர் இருந்தால் இதைச் சோதித்துப் பார்க்கலாம். உள்ளே எதுவும் இல்லாமல் ஓடவிட்டு, மெயினை இறக்கி மறுபடி ஏற்றுங்கள். தானாக ஓட ஆரம்பித்தால் அந்த மெஷினை அன்றைக்கே நிறுத்த வேண்டும்.

கதவில் கட்டிய கம்பி

பேலர் கதவு ஓரத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு லிமிட் சுவிட்ச் இருக்கும். கதவு திறந்தால் தகடு நிற்க வேண்டும், அதுதான் அதன் ஒரே வேலை. கதவைத் திறந்து திறந்து மூட நேரம் ஆகிறது என்று, அந்த சுவிட்சை எப்போதும் அமுங்கியே இருக்கும்படி கட்டுக்கம்பியால் கட்டி வைப்பார்கள். டேப் ஒட்டுவார்கள், காந்தம் வைப்பார்கள். பேலுக்குப் பத்து, இருபது நொடி மிச்சமாகும்.

இதைக் கண்டுபிடிக்க இன்ஜினீயர் தேவையில்லை. தகடு இறங்கிக்கொண்டிருக்கும்போது, கையை வைக்காமல், ஒரு ஓரமாக நின்று கதவின் தாழைத் தளர்த்திப் பாருங்கள். தகடு நின்றால் சரி. ஷிஃப்ட் ஆரம்பத்தில் காலி மெஷினில் இதைச் செய்ய ஒரு நிமிஷம் போதும். சேஃப்டி ஆடிட் என்று ஃபைல் தயாரிக்கும் இளம் அதிகாரிகள், பேப்பரில் டிக் அடிப்பதற்கு முன் குனிந்து அந்த சுவிட்சைப் பார்ப்பது நல்லது.

ரெண்டு பேர் சேர்ந்து வேலை செய்யும்போது இன்னொரு சிக்கல். ஒருவர் லீவரைப் பிடித்திருப்பார், இன்னொருவர் பெட்டியை அடுக்குவார். ‘போடலாமா?’ ‘ம்.’ அந்த ‘ம்’ யாருக்குச் சொன்னது என்று தெரியாது. பெட்டி போடுகிறவரே லீவரையும் இயக்கினால் இந்தக் குழப்பம் வராது. ஒடியா, இந்தி பேசும் தொழிலாளர்களோடு வேலை செய்யும் இடத்தில் இது இன்னும் முக்கியம்.

பெரிய மெஷினில் பெரிய ஆபத்து

இதுவரை சொன்னது நின்ற வாக்கில் அமுக்கும் சின்ன பேலர். பெரிய பேப்பர் குடோன்களிலும் குப்பைக் கிடங்குகளிலும் இருப்பவை படுத்த வாக்கில் தள்ளும் பேலர்கள். கன்வேயர் பெல்ட் மேலே போய், அட்டையைத் தொட்டிக்குள் கொட்டும். தொட்டி நிறைந்தால் சென்சார் கண்டுபிடித்து, தகடு தானாகத் தள்ளும். பட்டன் அமுக்க ஆளே வேண்டாம்.

அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ‘நியாஷ்’, பேலர் மரணங்களைப் பற்றி 2003-ல் தனி எச்சரிக்கையே வெளியிட்டது. அதில் திரும்பத் திரும்ப வருவது ஒரே மாதிரி சம்பவம். தொட்டியில் அடைப்பு. மெஷின் நிற்கிறது. தொழிலாளி மேலே ஏறி, அட்டையைக் காலால் மிதித்துத் தள்ளுகிறார். அடைப்பு விடுபடுகிறது. கூடவே அவரும் உள்ளே விழுகிறார். சென்சாருக்கு அட்டையும் ஆளும் ஒன்றுதான், வெளிச்சத்தை மறைக்கும் ஒரு பொருள். தகடு நகர்கிறது.

நின்றுகொண்டிருக்கும் ஆட்டோமேட்டிக் மெஷின் உண்மையில் நிற்கவில்லை. அடுத்த சிக்னலுக்காகக் காத்திருக்கிறது. கன்வேயர் மேல் ஏறுவதாக இருந்தால் மெயின் பூட்டு கட்டாயம். அடைப்பைக் குத்த நீளமான கழி இருந்தால் ஏறவே தேவையில்லை.

மக்காச்சோள மெஷின் சொல்லும் பாடம்

‘பார்த்து வேலை செய், கவனமா இரு’ என்பது நம் ஊரில் சேஃப்டி டிரெய்னிங் என்ற பெயரில் சொல்லப்படும் பாதி வசனம். கவனம் தேவைதான். ஆனால் எட்டு மணி நேரம், ஆயிரம் பெட்டி, நாற்பது டிகிரி வெயில் என்று இருக்கும்போது கவனம் நழுவத்தான் செய்யும்.

நம் நாட்டுக்கே இதில் அனுபவம் உண்டு. 1970-களில் பஞ்சாப், ஹரியானா பக்கம் கதிரடிக்கும் மெஷின்களில் விவசாயத் தொழிலாளர்கள் கை இழந்தார்கள். அதற்காகவே 1983-ல் ‘ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம்’ கொண்டுவரப்பட்டது. இந்தியத் தர நிர்ணயம் சொன்ன தீர்வு ரொம்ப எளிமை. கதிர் போடும் வாயின் நீளம் குறைந்தது 90 சென்டிமீட்டர், அதில் 45 சென்டிமீட்டர் மூடியிருக்க வேண்டும். அதாவது, கையை முழுசாக நீட்டினாலும் உருளையைத் தொட முடியாது. தொழிலாளி அன்று தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் கை பிழைக்கும். பெரம்பலூரில் மக்காச்சோளம் அடிக்கும் சீசனைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

பேலர் வாங்கும்போதும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கதவு திறந்திருக்கும்போது தகடு நகருமா? போடும் வாய் வழியாகக் கை எட்டுமா? ஐரோப்பாவில் நின்ற வாக்கு பேலருக்கு ‘இ.என். 16500’, படுத்த வாக்கு பேலருக்கு ‘இ.என். 16252’ என்று தனித் தரங்களே உண்டு. கொட்டேஷனில் விலையும் டன் கணக்கும் கேட்கும் பர்சேஸ் எக்ஸிகியூட்டிவ், இந்தக் கேள்விகளையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம்.

கட்டும்போதும் வெட்டும்போதும்

அமுங்கிய அட்டை விரியத் துடித்துக்கொண்டிருக்கும். அதனால் கதவுத் தாழை ஒரே இழுப்பில் திறக்கக் கூடாது. திருகித் திருகித் தளர்த்த வேண்டும், உடம்பு கதவுக்கு நேரே இல்லாமல் ஓரமாக இருக்க வேண்டும். வயர் அல்லது ஸ்ட்ராப் கட்டும்போது கண்ணாடி போட்டிருக்க வேண்டும், அறுந்த வயர் முகத்துக்குத்தான் வரும். வெளியே தள்ளும் பேலுக்கு நேராக ஆள் நிற்கக் கூடாது. 200, 300 கிலோ பேலைக் கையால் தாங்கிப் பிடிக்க முடியாது. ஒன்றின் மேல் ஒன்றாக உயரமாக அடுக்கிய பேலும் சரியும். அதன் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவது பல குடோன்களில் சகஜம். அதையும் விட்டுவிட வேண்டும்.

ஹோஸில் எண்ணெய் கசிகிறதா என்று கையால் தடவிப் பார்ப்பது இன்னொரு கெட்ட பழக்கம். ஊசிமுனை ஓட்டை வழியாக வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் முள் குத்தின மாதிரிதான் இருக்கும், வலியும் பெரிசாக இருக்காது. சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுக ஆரம்பிக்கும், விரலையே எடுக்க வேண்டிவரலாம். ‘ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போய்விட்டது’ என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும், டி.டி. ஊசி போட்டுத் திரும்பி வரும் விஷயம் இல்லை. கசிவைப் பார்க்க சரியான கருவி என்ன தெரியுமா? ஒரு துண்டு அட்டை. ஹோஸ் ஓரமாக நகர்த்தினால் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். அட்டைக்கு அந்த குடோனில் பஞ்சமே இல்லை.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் போடுவதும் ஆபத்து. பழைய பவர் பேங்க், மொபைல் பேட்டரி, ஸ்பிரே கேன் ஏதாவது நசுங்கினால் பேலுக்குள்ளேயே தீப்பிடிக்கும். வெளியே தெரிய நேரம் ஆகும்.

18 வயசு ஆகாத பையன் இயக்கலாமா?

கூடாது. அமெரிக்காவில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பேப்பர் பேலரை இயக்கத் தடை. 1996-ல் கொண்டுவந்த தளர்வும்கூட, 16, 17 வயதினர் பெட்டியைப் போட மட்டும்தான் விட்டது, அதுவும் பாதுகாப்புத் தரத்தில் உள்ள மெஷினில், ஓடாத நேரத்தில். இந்தியாவில் 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 23-வது பிரிவு, ஆபத்தான மெஷினில் இளம் வயதினரைப் போதிய பயிற்சியும் மேற்பார்வையும் இல்லாமல் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஓடும் மெஷின் பக்கத்தில் போகிறவர் உடம்போடு ஒட்டிய உடை போட்டிருக்க வேண்டும், அதை முதலாளியே வாங்கித் தர வேண்டும் என்று 22-வது பிரிவு சொன்னது. லுங்கியோடு பேலர் இயக்கும் ஆபரேட்டருக்கு இந்தப் பிரிவு எட்டவே இல்லை.

2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. உயிருக்கு ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால், அதை முதலாளியிடமும் ஆய்வாளரிடமும் தெரிவிக்கும் உரிமை இதில் தொழிலாளிக்கு உண்டு. அதே சமயம், மின்சாரத்தில் இயங்கும் இடம் ‘தொழிற்சாலை’ ஆக முன்பு 10 பேர் போதும், இப்போது 20 பேர் வேண்டும். ஆறு பேர் வேலை செய்யும் பழைய பேப்பர் குடோன் முன்பும் இந்த வரையறைக்குள் வரவில்லை, இப்போதும் வராது. பதினைந்து பேர் வேலை செய்யும் குடோனோ புதிதாக வெளியே போய்விட்டது. பேலர்கள் பெருகுவது இந்த மாதிரி இடங்களில்தான் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்கலாம்.

அடிபட்டால் என்ன செய்வது?

கை மாட்டிக்கொண்டால் இழுக்கக் கூடாது. சிவப்பு பட்டன் தகடை அப்படியே நிறுத்தும், கை அழுத்தத்திலேயே இருக்கும். தகடை மேலே தூக்குவது எப்படி என்பது ஆபரேட்டருக்கு மட்டும் இல்லாமல், அந்த இடத்தில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். டீ வாங்கப் போன ஆபரேட்டர் வரும் வரை காத்திருக்க முடியாது.

விரல் துண்டானால், காயத்தைச் சுத்தமான துணியால் அமுக்கிப் பிடித்துக் கையை உயர்த்தி வைக்க வேண்டும். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் போட்ட தண்ணீரில் வைக்க வேண்டும். விரலை நேரடியாக ஐஸில் போட்டால் திசு உறைந்து கெட்டுவிடும். 108-க்குச் சொல்லும்போதே ‘விரல் துண்டாகிவிட்டது’ என்று சொல்லிவிடுங்கள். 2022-ல் திறந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி இந்தப் பகுதிக்குப் பெரிய ஆறுதல். ஒட்டுச் சிகிச்சை வசதி எங்கே இருக்கிறது என்று முதல் ஆஸ்பத்திரியிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒரு கசப்பான உண்மை. கத்தியால் வெட்டுப்பட்ட விரலை ஒட்டவைக்க வாய்ப்பு அதிகம். பேலரில் நசுங்கிய விரலில் ரத்தக்குழாயே சிதைந்திருக்கும். பல நேரம் டாக்டரால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

இழப்பீடு எவ்வளவு? 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1923 இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியல் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு சதவீதம் போட்டு வைத்திருந்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. நாலு விரல் போனால் 50. ரெண்டு கையும் போனால் 100. மாதம் 15,000 ரூபாய் சம்பளம் வாங்கும் 25 வயது இளைஞரின் கட்டைவிரலுக்கு அந்தக் கணக்குப்படி சுமார் 5 லட்சத்து 86 ஆயிரம் ரூபாய் வரும். இ.எஸ்.ஐ. பதிவு உள்ளவர்களுக்கு இழப்பீடு அந்த வழியாக வரும், சிகிச்சையில் இருக்கும் நாட்களுக்கு சம்பளத்தில் 90 சதவீதமும் கிடைக்கும். அதனால் வேலைக்குச் சேர்ந்த அன்றே பெயரைப் பதிவு செய்துவிடுவது நல்லது. விபத்து நடந்த மறுநாள் பழைய தேதி போட்டுப் பதிவு செய்யும் வித்தையில், வயிற்றெரிச்சலோடு அலையப் போவது அடிபட்டவர் குடும்பம்தான். பேஸ்லிப்பில் இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று இந்த மாதமே பார்த்துவிடலாம்.

ஷிஃப்ட் மாறும்போது

பூட்டு முறையைக் கொண்டுவந்த இடங்களில்கூடத் தடுமாறும் ஒரு நேரம் உண்டு. பகல் ஷிஃப்ட் ஆள் பூட்டைப் போட்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருப்பார். ஆறு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். சாவி பாக்கெட்டிலேயே வீட்டுக்குப் போய்விடும். இரவு ஷிஃப்ட் வந்து பார்த்தால் மெஷின் பூட்டியிருக்கும். அடுத்து என்ன நடக்கும்? கட்டிங் பிளேயர் வரும், பூட்டு உடையும். ஒருமுறை உடைத்துவிட்டால் அப்புறம் பூட்டுக்கு யாரும் மரியாதை தர மாட்டார்கள்.

அதனால் கைமாற்றும்போது ரெண்டு பேரும் மெஷின் முன்னால் நிற்க வேண்டும். வரும் ஆள் தன் பூட்டை முதலில் மாட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் போகும் ஆள் தன் பூட்டைக் கழற்ற வேண்டும். அப்படியும் யாராவது சாவியோடு பஸ் ஏறிவிட்டால், அட்டையில் எழுதிய நம்பருக்கு போன் போட்டு, அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டுவிட்டுத்தான் பூட்டில் கை வைக்க வேண்டும். அவர் எடுக்கும் வரை லாரி வெளியே ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கட்டும்.